பெத்லகேம் குறவஞ்சியில் நற்செய்திப் பகிர்வு: குறத்தியும் சிங்கனும்

முன்னுரை

கிறித்தவர் ஒருவர் தம் நம்பிக்கையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளுதல் ஆலய மேடையில் மட்டும் நிகழ்வதன்று. வீட்டு வாசலிலும் வேலையிடத்திலும் வழிப்பயணத்திலும் அது நிகழ்கிறது. தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுகள் இத்தகைய அன்றாடப் பகிர்வைச் சமயத்தொண்டர் வரலாற்றின் பகுதியாகவே பெரிதும் நோக்கியுள்ளன. அப்பகிர்வுக்கென ஓர் இலக்கிய வடிவத்தைத் தேர்ந்த கவிஞன் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டான் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

சாஸ்திரியாரின் கையெழுத்துப் படிகளின் தொகுதியொன்று பெங்களூரு மில்லர்ஸ் சாலையிலுள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் பேணப்பட்டு வருகிறது. எனவே தஞ்சையில் தோன்றிய இந்நூல் பற்றிய ஆய்வுக்குப் பெங்களூருவும் ஒரு களமாகிறது.

தொழிற்பாட்டும் நற்செய்தியும்

வேதநாயக சாஸ்திரியார் (1774 - 1864) திருநெல்வேலியில் பிறந்தவர். செருமானியச் சமயத்தொண்டர் சுவார்ச்சு அவரை இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி அளித்தார். பின்னர்த் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசியும் சுவார்ச்சின் பேணலில் வளர்ந்தவரே. சாஸ்திரியாருக்கு வழங்கிய பட்டங்களுள் ஒன்றாகிய ‘சுவிசேடக் கவிராயர்’ என்பது, கவிதையும் நற்செய்தி அறிவிப்பும் அவரிடத்தில் ஒரே பணியாக இயைந்தமையைக் காட்டும்.

அவருடைய நூற்பெயர்கள் சிந்திக்கத்தக்கன. ஞான ஏற்றப்பாட்டு, ஞானத்தச்சன் நாடகம், சாஸ்திரக் கும்மி ஆகியவற்றுள் முதலது நீர் இறைப்போர் பாட்டையும், இரண்டாவது மரவேலை செய்வோனையும், மூன்றாவது மகளிர் கைகொட்டி ஆடும் ஆடலையும் பற்றி நிற்கின்றன. உழைப்பும் ஆடலும் ஏற்கெனவே பெற்றிருந்த ஓசைக்குள் அவர் தம் நம்பிக்கையை வைத்தார். கேட்போர் அதற்கெனத் தனியிடம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. இதுவே அன்றாடப் பகிர்வின் முதற்கூறாகும்.

குறத்தியாகிய விசுவாசம்

1800ஆம் ஆண்டளவில் இயற்றப்பெற்றதாகக் கருதப்படும் பெத்லகேம் குறவஞ்சியில் பாட்டுடைத் தலைவர் இயேசுகிறித்து. தலைவி சீயோனின் மகளாகிய தேவமோகினி. அவளுக்குக் குறி சொல்ல வரும் குறத்தி விசுவாசமாகவும், அவள் கணவன் ஞானச் சிங்கன் வேதம் போதிக்கும் உபதேசியாகவும், அவன் விரிக்கும் வலை நற்செய்தியாகவும் உருவகிக்கப்படுகின்றனர். விவிலிய நிலங்களும் கதிரவனை மையமாகக் கொண்ட புதிய வானியலும் இந்நூலுள் இடம்பெறுகின்றன. இந்திரா விசுவநாதன் பீட்டர்சன் இந்நூலைத் தமிழ் மரபும் கிறித்தவமும் ஐரோப்பிய அறிவியலும் சந்திக்கும் களமாக விளக்கியுள்ளார். அவ்விளக்கம் ஏற்புடையதே. ஆயின் உருவகங்களைப் பட்டியலிடுவதோடு அமையாமல், குறவஞ்சி என்னும் வடிவம் அவ்வுருவகங்களை என்ன செய்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

விசுவாசத்தைக் குறத்தியாக்கியது துணிவான தெரிவு. குறி கேட்பதை விவிலியத்தின் உபாகமம் வெளிப்படையாக விலக்குகிறது. சாஸ்திரியாரும் தம் சாஸ்திரக் கும்மியில் சகுனம் முதலிய நம்பிக்கைகளைக் கடிந்துரைக்கிறார். குறி பார்த்தலை மறுத்த ஒருவர் தம் நம்பிக்கைக்கே குறி சொல்பவளின் வடிவம் தந்தமைக்கு, அவ்வடிவத்தின் மக்கட்செல்வாக்கை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது.

குறவஞ்சி மரபில் குறத்தி தலைவிக்கு ஓர் அயற்செய்தியைக் கொண்டுவருவதில்லை. தலைவி முன்னரே தலைவனின் உலாவைக் கண்டு மையல் கொண்டிருக்கிறாள், நிலவைப் பழிக்கிறாள், பாங்கியைத் தூது விடுகிறாள். இவற்றின் பின்னரே குறத்தி வருகிறாள். தலைவியின் கையைப் பார்த்து, அவள் உள்ளத்தில் உள்ளவன் இன்னான் என்றும் அவன் வருவான் என்றும் மொழிகிறாள். திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லிக்குச் சிங்கி கூறுவதும் இதுவே. ஆகவே குறத்தியின் தொழில், கேட்பவரின் ஏக்கத்தை முதலில் அறிந்து அதற்குப் பெயர் சூட்டுதலாகும். இம்மரபில் விசுவாசத்தை நிறுத்தும்போது, நம்பிக்கையைப் பகிர்தல் என்பது எதிரிலிருப்பவரின் கையைப் பற்றி அவரது நோவை அறிதலில் தொடங்கவேண்டியதாகிறது. சமய விளக்க உரைநடை எளிதில் சொல்லாத ஒரு கருத்தை வடிவமே இவ்வாறு சொல்லிவிடுகிறது.

பரிசிலின் திசை

குறவஞ்சியில் பொருள் செல்லும் திசையும் கருதத்தக்கது. குறத்தி எதனையும் கொடுத்துக் குறி கேட்கச் செய்வதில்லை. அவள் உணவு கேட்டு உண்கிறாள். குறி சொன்ன பின் அணியும் ஆடையும் பரிசிலாகப் பெறுகிறாள். கொடுப்பவள் தலைவி, பெறுபவள் குறத்தி. வீடு தலைவியுடையது, வாசலில் நிற்பவள் குறத்தி. அழைக்கவும் மறுக்கவும் உரிமையுடையவள் தலைவியே. காலனியச் சூழலில் பள்ளி, வேலை, பாதுகாப்பு ஆகியவற்றைக் கையில் வைத்திருந்த சமயநிறுவனம் கொடுப்போர் இடத்தில் இருந்தது. அந்நிலையில் நம்பிக்கையைப் பிறர் வாசலில் நின்று உணவு கேட்கும் பெண்ணாகக் கற்பித்தது அந்நிறுவனத்தின் நிலையைத் தலைகீழாக்குவதாகும்.

இதற்கு இன்றும் பொருளுண்டு. அரசமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை வழங்குகிறது. 1977இல் ஸ்டெயினிசிலாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், அவ்வுரிமை தன் சமயக் கோட்பாடுகளை எடுத்துரைத்துப் பரப்பும் உரிமையே என்றும், பிறரைத் தன் சமயத்திற்கு மாற்றும் உரிமை அன்று என்றும் வரையறுத்தது. 2022இல் கர்நாடகத்தில் இயற்றப்பட்ட சமயச் சுதந்திர உரிமைப் பாதுகாப்புச் சட்டம், வன்முறை, ஏமாற்று ஆகியவற்றோடு ஆசைகாட்டி மாற்றுவதையும் குற்றமாக்கியது. 2023 சூனில் அச்சட்டத்தைத் திரும்பப் பெற மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. எடுத்துரைத்தல், ஆசைகாட்டல் என்னும் இவ்வேறுபாடு நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வழக்காடப்படுகிறது. குறவஞ்சியின் பரிசில் மரபு அவ்வேறுபாட்டை நாடக வடிவில் முன்னரே கொண்டிருந்தது எனலாம்.

சிங்கனின் வலை

எனினும் இந்நூலில் குறத்தி தனித்து நிற்கவில்லை. அவளைத் தொடர்ந்து சிங்கன் வருகிறான். நற்செய்தி வலையாகும்போது கேட்போர் பறவைகளாகின்றனர். மனிதரைப் பிடிப்போர் என்னும் விவிலிய உருவகம் இதற்குத் துணைநிற்கிறது. ஆனால் கையைப் பற்றிக் குறி சொல்லுதலும் கண்ணி வைத்துப் பிடித்தலும் ஒன்றல்ல. முன்னதில் எதிரிலிருப்பவர் கேள்வி கேட்கிறார், ஐயுறுகிறார், பரிசில் தருகிறார். பின்னதில் அவருக்குப் பேச்சே இல்லை.

சிங்கன் பகுதி குறவஞ்சி மரபில் நகைச்சுவைக்கு உரியது என்பதையும் இங்கு நினைதல் வேண்டும். திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் சிங்கியின் நினைவிலேயே மயங்கி நிற்கப் பறவைகள் பறந்துவிடுகின்றன. வேட்டுவனின் திறமை அங்கு எள்ளலுக்கு உள்ளாகிறது. சமயப் பரப்பின் வெற்றியைக் கூற எடுத்துக்கொண்ட உருவகம் இவ்வாறு தோல்வியின் மரபு நினைவைத் தன்னுள் சுமந்து வருகிறது. குறவஞ்சிகளைக் கேட்டுப் பழகிய அவையினர் வலை என்றதும் தப்பிய பறவையையும் எண்ணியிருத்தல் இயல்பே. ஆகவே பகிர்தல், பிடித்தல் என்னும் இரு கருத்துகளும் இந்நூலில் அருகருகே நிற்கின்றன. அவற்றை ஒன்றாக்கிப் படிக்கும் திறனாய்வு நூலின் உள்முரணை மறைத்துவிடும்.

வாசலும் பந்தியும்

இம்முரணைக் கவிஞரின் வாழ்க்கையிலும் காண்கிறோம். 1820களில் புதிதாக வந்த சமயத்தொண்டர்கள் ஆலயத்திலும் திருவிருந்திலும் நிலவிய சாதி வேறுபாட்டை நீக்க முற்பட்டனர். விவிலிய மொழிபெயர்ப்பிலும், ஆலயத்தில் தமிழ்ப் பாடல் பாடுவதிலும் அவர்கள் தலையிட்டனர். 1829இல் ‘சாதி திருத்தலின் பயித்தியம்’ என்னும் எழுத்தில் சாஸ்திரியார் சாதி நீக்கத்தை எதிர்த்தார். டென்னிசு அட்சன் 2000இல் வெளியிட்ட நூலில் இப்பூசலை விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழ்ப் பாடலையும் மரபையும் காக்க எழுந்த குரல் என இதனைப் போற்றுவாருமுளர். அப்பகுதியில் நியாயம் உண்டு. ஆயினும் பண்பாட்டு உரிமையும் பந்தி வேறுபாடும் ஒரே வாதத்தில் பிணைக்கப்பட்டன என்பதை மறைக்க இயலாது.

குறவஞ்சியில் குறத்தி தன் சாதி வளத்தைப் பெருமிதத்தோடு கூறுவாள். முருகனுக்கு வள்ளியைத் தந்த குலம் எனத் தலைநிமிர்வாள். அவளுடைய உருவத்தையே விசுவாசத்திற்கு அளித்தவர், அவளையொத்தோர் திருவிருந்தில் தம் வரிசையில் அமர்வதை ஏற்க மறுக்கும் நிலைக்கு வந்தார். வாசலில் வந்து குறி சொல்லலாம். பந்தியில் உடன் அமரலாகாது. நற்செய்தியைப் பிறரோடு பகிர்தல் என்பது உணவையும் இருக்கையையும் பகிர்தல் ஆகாதவரை முழுமை பெறாது என்னும் உண்மையை அவருடைய நூலையும் அவருடைய எதிர்ப்பையும் சேர்த்துப் படிக்கும்போதே உணரமுடிகிறது. 1829 எழுத்தைக் கொண்டு 1800 அளவிலான நூலைப் புறக்கணித்தல் முறையன்று. நூலின் அழகைக் கொண்டு அவ்வெழுத்தை மறத்தலும் முறையன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன:

1. தொழிற்பாட்டு வடிவங்களைக் கையாண்டதன் வழி, சாஸ்திரியார் நற்செய்திப் பகிர்வை அன்றாட உழைப்பின் ஓசைக்குள் அமைத்தார்.

2. பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தி கேட்டறியும் பகிர்வையும், சிங்கன் பிடித்துக்கொள்ளும் பரப்பையும் சுட்டுகின்றனர். மரபின் அமைப்பு குறத்திக்கே பெருமையளிக்கிறது.

3. குறத்தி கொடுப்பவளாக வராமல் பெறுபவளாக வருவது, ஆசைகாட்டல் பற்றிய இன்றைய விவாதத்திற்கும் ஒளி தருகிறது.

4. நூல் காட்டும் விரிந்த நோக்கும் கவிஞரின் சாதி நிலைப்பாடும் முரண்படுகின்றன. இரண்டையும் ஒருங்கே வைத்தே மதிப்பிடுதல் வேண்டும்.

பெங்களூரு ஆவணக் காப்பகத்திலுள்ள கைப்படிகளை அச்சுப் பதிப்புகளோடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகள் காட்டும் செம்பதிப்பொன்று வெளிவருதல் இன்றியமையாதது. குறத்தி பகுதியும் சிங்கன் பகுதியும் பாடலிலும் அரங்கிலும் எவ்வெவ்வளவு இடம் பெற்றன என்பது அப்பதிப்பால் தெளிவுறும். இந்நூல் எதனைத் தன் மையமாகக் கொண்டது என்னும் வினாவிற்கும் அப்போதே உறுதியான விடை காண இயலும்.