யாருடைய தைரியம்?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவளுக்கு அலங்காரம் ஒரு கேடா என்று கேட்கும் குரல் நம் தோழர்களிடமும் உண்டு. அவர்களுக்கு ஆட்ரி லார்டின் ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ (1980) நூலைச் சிபாரிசு செய்வேன். 1978இல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையில் லார்ட் ஒரு மார்பகத்தை இழக்கிறார். தொண்டு அமைப்பிலிருந்து ஒரு பெண் அறைக்கே வந்து, ஆட்டுரோமத்தில் செய்த போலி மார்பகத்தைக் கொடுக்கிறார். அதன் நிறம் வெளிர்சிவப்பு. லார்டோ கறுப்புப் பெண். (அந்த ‘இயல்பான தோற்றம்’ யாருடைய தோல்னு தனியாக வேறு விளக்கணுமா?)

பத்தாம் நாள் தையல் பிரிக்க டாக்டரிடம் போகிறார். அலசி மினுங்கும் தலைமுடி, ஆப்பிரிக்கக் கெண்டே துணியில் மேலங்கி, ஒற்றைக் காதில் தொங்கும் பறவை. எல்லாம் தானே விரும்பிச் செய்துகொண்ட அலங்காரம். அங்கிருந்த நர்ஸின் கண்ணுக்குப் பட்டதோ போலி மார்பகம் இல்லாததுதான். இப்படி வந்தால் இந்த இடத்தின் மனத்தெம்பு கெட்டுவிடும் என்கிறார். நோயாளியின் தன்னம்பிக்கை என்று ஆரம்பித்த பேச்சு கிளினிக்கின் தன்னம்பிக்கையில் வந்து நிற்கிறது, பாருங்கள்.

போரில் கண்ணிழந்த மோஷே தயானிடம் கண்ணாடிக் கண் மாட்டிக்கொள் என்று யாரும் சொல்லவில்லையே என்று கேட்கிறார் லார்ட். கேள்வி நியாயம்தான், உதாரணம் எனக்கு உவப்பில்லை. ஒரு ராணுவத் தளபதியின் வடுவுக்குக் கிடைக்கும் மரியாதையையா இவர் கேட்க வேண்டும்? அந்த ஒற்றைக் காதுப் பறவையிடம் இதைவிடத் துணிச்சலான பதில் இருந்தது.