பழைய பெட்டியும் புதிய பெட்டியும்

பழைய கம்ப்யூட்டரில் இருப்பதைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றுவது கடைச் சிப்பந்தி செய்து தரவேண்டிய காரியம் என்று ஓர் அபிப்பிராயம் நம் எழுத்தாளர்களிடையே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு அது ஏறக்குறையச் சரி. தமிழில், அதிலும் 1990களிலும் அதையடுத்த சில வருஷங்களிலும் எழுதிச் சேர்த்தவர்களுக்கு, அது சரியல்ல. ஃபைல் புதிய பெட்டிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். எழுத்து போய்ச் சேராது. நாவலின் முதல் அத்தியாயம் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கொட்டிக் கிடக்கும்.

காரணம் எளியது. அந்த நாளில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களையே எடுத்துக்கொண்டு, அவற்றின்மேல் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்தார்கள். பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தவர்கள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான் பெட்டிக்குள் சேமித்தார்கள். பாமினி இருக்கும்வரை திரையில் தமிழ் தெரியும். புதிய யந்திரத்தில் அது இல்லையென்றால் வேஷம் கலைந்துபோகும்.

வேஷம் ஒன்றாகவாவது இருந்ததா? ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் எண்வரிசை. 1999இல் தமிழ்நாட்டு அரசு ‘டாம்’, ‘டாப்’ என்று இரண்டு வரிசைகளை அறிவித்தது. இணையத்தில் புழங்கியவர்கள் ‘திஸ்கி’ என்று வேறொன்றை வைத்திருந்தார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் கொடுத்த யூனிகோடில், 1991லேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் தமிழ்நாட்டு அரசு அதைத் தன் தரமாக ஏற்றுக்கொண்டது 2010இல். இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட கதைகளும் கட்டுரைகளும் எத்தனையோ விதமான எண்களில் சிதறிக் கிடக்கின்றன.

“மாற்றித் தருவதற்குக் கருவிகள் இருக்கின்றனவே” என்பார்கள். இருக்கின்றன, இலவசமாகவே கிடைக்கின்றன. என் வழக்கு அங்கேதான் ஆரம்பமாகிறது. கருவி மாற்றும், படிக்காது. ‘கௌரவம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் ஒளகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகர எழுத்துக்கும் விசை ஒன்றே. அசட்டையான கருவி அதை ளகரமாகவே வைத்து ‘கெளரவம்’ என்று எழுதிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கும். கம்ப்யூட்டரில் சொல்லைத் தேடினால் அகப்படாது. கண் பார்வையில்லாத வாசகருக்குப் படித்துக் காட்டும் யந்திரம் தப்பாகப் படிக்கும். இதைச் சரிசெய்யப் புறப்பட்ட வேறொரு கருவி எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. ‘வெளி’யில் உள்ள ளகரத்தையும் குறியென்று எண்ணி முன்னெழுத்தோடு ஒட்டிவிடுகிறது, இகரக் குறி ஒட்ட இடமில்லாமல் தனியே தொங்குகிறது. ஆசிரியர் வேண்டுமென்றே ஆங்கிலத்தில் விட்ட ஒரு வாக்கியம், அதுவும் பாமினியென்று கருதப்பட்டு, எந்த மொழியிலும் சேராத உளறலாகிவிடுகிறது.

இந்தத் தொல்லை நமக்குப் புதிதல்ல. ஓலைச் சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார வேற்றுமை இராது. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றே. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளைக்கும், அதே ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையருக்கும் இருந்த சங்கடம் இதுதான். ஓலையில் உள்ள கோடு காலா, ரகரமா என்று அவர்கள் எப்படி முடிவுசெய்தார்கள்? பொருளைக் கொண்டு முடிவுசெய்தார்கள். வேறு பிரதியோடு ஒப்பிட்டார்கள், உரையைப் பார்த்தார்கள், புரியும்வரை படித்தார்கள். அவர்கள் செய்ததும் பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு மாற்றிய வேலைதான். அதற்குப் பதிப்பு என்று பெயர் வந்தது, நடுவில் ஒரு வாசகன் இருந்ததால்.

இன்று மின்னூல் என்று வெளிவருகிறவற்றில் பலவற்றைப் பார்த்தால், நடுவில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. பிரசுரகர்த்தர் கருவியை நம்புகிறார். ஆசிரியர் பிரசுரகர்த்தரை நம்புகிறார். வாசகன் பிழையோடு படிக்கிறான். “அச்சுப் புத்தகம்தான் இருக்கிறதே” என்ற சமாதானமும் முழுக்கச் செல்லாது. முதல் பதிப்புக்குப் பிறகு ஆசிரியர் செய்த திருத்தங்களும், அச்சுக்கே போகாத கதைகளும் அந்த ஃபைலில் மட்டும் இருக்கலாம். நேரே விசைப்பலகையில் எழுதியவருக்குக் கையெழுத்துப் பிரதியும் கிடையாது. அவர் காலமான பிறகு, எந்த எழுத்துருவில் அடித்தார் என்று யாரைக் கேட்பது?

ஆகவே எழுதுகிறவர்கள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். எழுத்துருவின் பெயரை ஃபைலின் பெயரோடு சேர்த்து எழுதிவையுங்கள். மாற்றிய பிறகும் பழைய ஃபைலை அழிக்காதீர்கள். பழைய யந்திரத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால், அதிலேயே ஒரு பிரதி காகிதத்தில் எடுத்துவிடுங்கள். பிறகு அந்தக் காகிதத்தையும் புதிய திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் தெரிந்த ஒருவர் வரி வரியாக ஒப்பிட்டுப் படிக்கவேண்டும். அலுப்பான வேலைதான். ஏட்டைப் படித்தவர்களுக்கும் அலுப்பாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் அலுத்து விட்டிருந்தால் சிந்தாமணி நம் கைக்கு வந்திராது.