அல்லி கதையில் மணமும் செல்வமும்

மன்னார்க் கரையில், அரிப்பிலே கடலரிப்புக்கு இரையாகிக் கிடக்கும் மாளிகையை மக்கள் அல்லிராணி கோட்டை என்பர். உண்மையில் அது, 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாயிருந்த பிரெடெரிக் நோத் முத்துக்குளிப்பைக் கண்காணிக்கக் கட்டுவித்தது. ஆயினும் மக்கள் இட்ட பெயரில் தேசாதிபதியும் இல்லை. அல்லியை மணந்த அருச்சுனனும் இல்லை. குதிரைமலையில் முத்துச் செல்வத்தோடு தனித்து ஆண்டவள் அவள் என்பது இக்கரை வழக்கு.

புகழேந்தியார் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலையோ அவளை மதுரைக்கு அரசியாக்குகிறது. ஆடவரை வெறுத்த அவளை வெல்ல இயலாத அருச்சுனன், பாம்புருவில் பள்ளியறை புகுந்து, உறங்குபவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். இதனை வீரக் காதல் எனப் போற்றுவோர் உளர்; அஃது ஏற்புடைத்தன்று. விழித்திருக்கும் அல்லி இசையாள் என்பதைக் கதை கட்டியவர் நன்கறிவார். ஆதலின் அவளை உறங்க வைத்தார். வியாசபாரதத்துச் சித்திராங்கதைக்கேனும் தந்தை நிபந்தனை விதித்தான்: பிறக்கும் மகன் தாய்வழி அரசுக்கே உரியவன் என்று. அல்லிக்காகப் பேசுவார் எவருமிலர்.

பவளக்கொடி மாலையிலும் இதே போக்குத்தான். அல்லியின் மகன் புலந்திரன் கேட்ட பவளத்தேருக்காகப் புறப்படும் அருச்சுனன், பவளத்தோடு பவளத்துக்கு உரியவளையும் கைக்கொள்கிறான்.