கையுறை காட்டும் மூச்சு

1990-களின் வோல்வோ 850 டர்போவில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் பழி உடனே பின்பக்க ஆயில் சீல் மேல் விழும். அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். ஆனால் சீல் பல நேரம் வெறும் பலிகடா. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் வாயுவை வெளியேற்றும் பெட்டியும் குழாய்களும் கசடால் அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைச் சீல் வழியே பிதுக்கும். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அந்த வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டிப் பாருங்கள். உள்ளே இழுபட்டால் நலம். ஐந்து விரலும் விறைத்து எழுந்தால் அடைப்பைத் தேட வேண்டும். இன்ஜினின் மூச்சை இத்தனை மலிவாகக் கண்ணுக்குக் காட்டும் சோதனை வேறு இல்லை.

தேய்ந்த ரிங்கும் கையுறையை ஊதுமே என்று கேட்கலாம், நியாயம்தான். அதற்குத்தான் கம்ப்ரஷன் சோதனை. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பழைய வண்டிதானே, ஆயிலை ஊற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கும் மேல் சுழல்வது மெல்லிய ஆயில் படலத்தின் மேல். ஆயில் மிகவும் இறங்கிய வண்டி வேகமாக வளைவில் திரும்பினால் பம்ப் காற்றை இழுக்கும். அந்தப் படலம் அங்கேயே அறுந்துபோகும்.