லேண்டிங்கில் காங்கிரீட்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

அமெரிக்காவின் பல மாடிக் கட்டடங்களில் எஃகுப் படிக்கட்டு பட்டறையிலேயே தயாராகி வரும். ஒவ்வொரு படியும், படி வரிசைகளுக்கு இடையிலுள்ள சமதளமான லேண்டிங்கும் விளிம்பு மடித்த தகட்டுத் தட்டுகள். அவற்றில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் காங்கிரீட்டைப் பிறகு நிரப்புவார்கள்.

வெறும் தகட்டில் யாராவது இறங்கினால் ஓசை மாடி முழுக்கக் கேட்கும், காலடியில் அதிர்வும் தெரியும். காங்கிரீட்டின் எடை இரண்டையும் அடக்குகிறது. கட்டடத்துக்குள் இந்த முறை நிலைத்ததற்கு இதுவே நியாயமான காரணம்.

ஆனால் அந்த எடைக்கு விலை உண்டு. இரண்டு அங்குலக் காங்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ. காங்கிரீட் இல்லாமலே மிதிக்கக்கூடிய 6 மில்லிமீட்டர் செக்கர் பிளேட் (வழுக்காதிருக்க மேடு வைத்த எஃகுத் தகடு) சுமார் 50 கிலோதான். படித் தகடு குறுகலானது, மடிப்பே அதற்கு வலுக் கொடுக்கும். லேண்டிங் தகடோ அகலமானது. ஈரக் காங்கிரீட் விழுந்ததும் நடுவில் தொய்யும். தொய்வை மட்டப்படுத்த இன்னும் கொஞ்சம் காங்கிரீட் கொட்டினால், அந்தச் சுமையில் மேலும் தொய்யும். அதனால்தான் அடியில் L வடிவ எஃகு ஆங்கிள் பற்றவைக்கிறார்கள், அல்லது நெளிதகடு போடுகிறார்கள். அகன்ற லேண்டிங்குக்கு நெளிதகடே மேல். அதன் தடிமன் கீழே நடப்பவரின் தலைக்கு மேலுள்ள உயரத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

காங்கிரீட்டின் தடிமனில் பிசகினால் ஆபத்து காலுக்குத்தான். ஒரே படி வரிசையில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது என்கிறது அமெரிக்கக் கட்டட விதி. லேண்டிங்கில் அரை அங்குலம் கூடுதலாக நிரப்பினாலே அந்த வரம்பு தாண்டிவிடும். இறங்குபவர் கடைசிப் படியில் தடுமாறுவார்.

நிரப்பாத தட்டும் ஆபத்தானதே. படிக்கட்டைப் பொருத்தும் வேலை நடக்கும் நேரம் தவிர, மரமோ வேறு கெட்டிப் பொருளோ தட்டின் விளிம்பு மட்டம்வரை இட்டாலொழிய அதில் யாரும் நடக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி தடுக்கிறது. மிக அவசியமான விதி இது.

இந்த முறையின் பெரிய பலவீனம் தண்ணீர். காங்கிரீட் உலரும்போது சுருங்கி, தட்டின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விடும். பனிநாட்டு வாகன நிறுத்தக் கட்டடங்களில் சாலை உப்பு கலந்த நீர் அதற்குள் இறங்கும். காங்கிரீட்டின் காரத்தன்மை தரும் காப்பைக் குளோரைடு உடைத்துவிடும். துரு மேலே தெரியாது. தகட்டை அரித்து அடியில் வெளிவரும்போதுதான் கண்ணில் படும்.

மழையும் உப்பும் படும் இடத்தில் இந்தத் தட்டை வரைபடத்திலேயே தவிர்த்துவிட வேண்டும். துத்தநாகம் பூசிய கம்பித் தளமோ, நீர் வடியச் சரிவு கொடுத்த செக்கர் பிளேட்டோ அங்கே போதும். ஓசை கொஞ்சம் எழும். ஆனால் துருவை உடனே பார்க்கலாம்.