லத்தீன் வேரில் கல்விக் கொள்கை முளைக்காது

பி.எட். பாடநூலின் முதல் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இது பழகிய செய்தி. ‘எஜுகேஷன்’ மூன்று லத்தீன் வேர்களிலிருந்து வந்ததாம்: ‘ஏடுகாரே’ வளர்த்தல், ‘ஏடூகெரே’ வெளிக்கொணர்தல், ‘ஏடுகாட்டும்’ பயிற்றுவித்தல். மேடைக்கு வரும்போது இரண்டாவது மட்டும் மிஞ்சும். குழந்தைக்குள் இருப்பதை வெளிக்கொணர்வதே கல்வி என்று முழங்குவார்கள், கைதட்டல் எழும்.

பிரம்பையும் மனப்பாடத்தையும் கைவிட இந்த விளக்கம் சில ஆசிரியர்களைத் தூண்டியிருக்கலாம். அந்த நன்மையை மறுக்கவில்லை.

ஆனால் வேர்கள் மூன்றல்ல. ‘ஏடுகாட்டும்’ என்பது ‘ஏடுகாரே’ என்ற வினையின் ஒரு வடிவமே. ‘ஏடூகெரே’ அதற்கு உறவுச் சொல்தான் என்றாலும், அதிலிருந்து பிறக்கும் பெயர்ச்சொல் வேறு; ஆங்கிலத்தில் அது ‘இடக்ஷன்’ என்று தனியாகவே வழங்குகிறது. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ரோமானிய அறிஞர் வாரோ இவ்விரு வினைகளையும் தெளிவாகப் பிரித்தார்: வெளிக்கொணர்வது மருத்துவச்சியின் வேலை, வளர்ப்பது செவிலியின் வேலை. கற்பிக்கும் ஆசிரியருக்கு அவர் கொடுத்த வினை இவ்விரண்டும் அல்ல.

இலக்கணப் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்ற கேள்விக்கு வகுப்பறையில் தேட வேண்டிய விடையை அகராதியில் தேடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. ‘அ’ என்ற எழுத்தின் வடிவம் எந்தக் குழந்தைக்குள்ளும் இல்லை. யாரோ எழுதிக் காட்டியாக வேண்டும். பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில் அடிமைச் சிறுவனிடமிருந்து வடிவியலை வெளிக்கொணர்ந்ததாகச் சாக்ரடீஸைக் கொண்டாடுகிறோம். விடைக்குத் திறவுகோலான மூலைவிட்டத்தைக் காட்டியவர் சாக்ரடீஸ்தான், சிறுவன் அல்ல. முரியல் ஸ்பார்க்கின் 1961ஆம் ஆண்டு நாவலில் ஆசிரியை ஜீன் பிரோடி இதே சொல்விளக்கத்தைச் சொல்லிக்கொண்டே தன் ரசனையையும் முசோலினி மீதான வியப்பையும் மாணவிகள் மேல் ஏற்றுகிறாள். வெளிக்கொணர்கிறேன் என்பவர் தான் உள்ளே திணிப்பதைப் பார்க்க மறுக்கிறார்.

இதில் இழப்பு யாருக்கு? புத்தகங்களோடு வளர்ந்த பிள்ளையிடம் வெளிக்கொணர நிறைய இருக்கும். தன் குடும்பத்தில் முதல் ஆளாகப் பள்ளிப்படி ஏறும் பிள்ளையிடம் ஒன்றும் வெளிவராதபோது, அவளுக்குள் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். கொடுக்கத் தவறியவர்கள் நாம் என்பது மறைந்துபோகிறது. ஆசிரியர் பயிற்சியின் முதல் அத்தியாயத்திலிருந்து அந்த லத்தீன் பட்டியலை எடுத்துவிட வேண்டும். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதே அங்கே வர வேண்டிய பாடம்.