பிண்டோ கலை அருங்காட்சியகம்

பிண்டோ கலை அருங்காட்சியகம் பிலிப்பைன்ஸின் ரிசால் மாகாணத்தில், மணிலாவுக்குக் கிழக்கே மலைச்சரிவில் அமைந்த அண்டிபோலோ நகரில் உள்ளது. சமகாலப் பிலிப்பைன்ஸ் ஓவியங்களும் சிற்பங்களும் இங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. நரம்பியல் மருத்துவரும் கலைச்சேகரிப்பாளருமான ஜோவன் குவானாங் இதை 2010-இல் நிறுவினார். 'பிண்டோ' என்னும் தகலாக் மொழிச் சொல்லுக்குக் கதவு என்று பொருள்.

தோற்றம்

அருங்காட்சியகத்தின் வேர் ஒரு நட்பில் இருக்கிறது. 1980களில் உருவான 'சாலிங்புசா' என்னும் இளம் ஓவியர் குழுவை குவானாங் ஆதரித்தார். அண்டிபோலோவில் இருந்த தன் வளாகத்தில் அவர்கள் படைப்புகளைக் காட்சிக்கு வைக்க இடமளித்தார். எல்மர் போர்லோங்கன், மார்க் ஜஸ்டினியானி, இம்மானுவேல் கரிபாய், அந்தோனியோ லியானோ ஆகியோர் அக்குழுவைச் சேர்ந்தவர்கள்.

குழுவின் பெயர் சிறுவர் விளையாட்டிலிருந்து வந்தது. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டும் கணக்கில் வராத குழந்தையைத் தகலாக்கில் அப்படி அழைப்பார்கள். தமிழில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்கிறோமே, அதுதான். கணக்கில் வராதவர்கள் என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டவர்களின் ஓவியங்களே இன்று இந்த அருங்காட்சியகத்தின் மையம்.

கர்னபால்

சாலிங்புசா ஓவியர்கள் பலர் சேர்ந்து 1992-இல் வரைந்த பேரோவியம் 'கர்னபால்'. பிலிப்பைன்ஸ் சமூகத்தை ஒரு திருவிழாக் கூத்தாக இது காட்டுகிறது. பிலிப்பைன்ஸில் பெரிய அளவில் வரையும் மரபு முன்பே உண்டு. அண்டிபோலோவை அடுத்த அங்கோனோவைச் சேர்ந்த கார்லோஸ் 'போடோங்' பிரான்சிஸ்கோ (1912–1969) நாட்டு வரலாற்றைப் பெருஞ்சுவரோவியங்களாகத் தீட்டினார். அவற்றில் வரலாறு வீரர்களின் வழியாக நகர்கிறது. 1976-இல் தோன்றிய 'கைசஹான்' குழுவின் சமூக யதார்த்தவாதிகளுக்கு எதிரி யார் என்பது தெளிவாக இருந்தது. அது மார்கோஸின் ஆட்சி.

1986-இல் மார்கோஸ் வீழ்ந்தார், வறுமை வீழவில்லை. 'கர்னபால்' அந்தத் திகைப்பிலிருந்து பிறந்த ஓவியம் எனலாம். இதில் வீரனும் இல்லை, ஒற்றை எதிரியும் இல்லை. கூட்டம் மட்டுமே உள்ளது. பார்ப்பவர் தன்னை அந்தக் கூட்டத்திற்கு வெளியே நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. பல கைகள் வரைந்தது என்பதும் இந்தக் கருவுக்குப் பொருந்துகிறது.

அமைப்பு

வளாகத்தை வடிவமைத்தவர் லியானோ. வெள்ளைச் சுவர்களும் வளைவு வாயில்களும் ஸ்பானியக் கால மிஷன் கட்டடங்களை நினைவூட்டுகின்றன. காட்சிக்கூடங்கள் தோட்டத்தின் நடுவே தனித்தனியாக நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியேறியும் இறங்கியும், மரநிழலில் நடந்தும் செல்ல வேண்டும். ஒரு கூடத்தில் பார்த்ததை மனதில் அசைபோட இந்த நடை அவகாசம் தருகிறது. ஒரே மூச்சில் நூறு படங்களைப் பார்த்து முடிக்கும் களைப்பு இங்கே இல்லை.

மதிப்பீடு

பிண்டோவின் அழகே அதன் சிக்கல். போர்லோங்கனின் மொட்டைத்தலை மனிதர்கள் நகரத்து ஏழைகள். இறையியல் பயின்ற கரிபாய் திருச்சபையையும் அதிகாரத்தையும் கேள்வி கேட்டவர். இத்தகைய கலைஞர்களின் உலகத்தைச் சுற்றி இருப்பதோ பூந்தோட்டமும், அதே திருச்சபையின் கட்டடச் சாயலும். புகைப்படம் எடுத்துக்கொள்வதற்காகவே வருபவர்களுக்கு ஓவியம் வெறும் பின்னணியாகிவிடுகிறது. கோபத்தில் பிறந்த கலை, ஓய்வுநாள் உலாவின் ஒரு பகுதியாகச் சுருங்கும் ஆபத்து உண்டு.

இன்னொரு வரம்பும் உள்ளது. இது ஒருவரின் ரசனையில் வளர்ந்த தொகுப்பு. பிலிப்பைன்ஸ் சமகாலக் கலையின் முழு வரலாறாக இதைக் கொள்ள இயலாது. ஆனால் ஒரு தலைமுறை ஓவியர்களை, அவர்கள் பெயர்பெறும் முன்பே நம்பி உடன் நின்ற ஒருவரின் சேகரிப்பு என்பதால், பொது நிறுவனங்களில் அரிதான நெருக்கம் இதற்கு உண்டு. தோட்டத்தைப் பார்க்க வந்தவரையும் 'கர்னபால்' தன் முன்னே சற்று நேரம் நிறுத்திவிடுமானால், கதவு என்ற பெயர் இதற்குப் பொருந்தும்.